விலாவில் மூன்று புள்ளி

கோல் மார்க்கெட், புது தில்லி
3 பிப்ரவரி 2025

சிசிலியா,

உன் அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு சாவித்திரி அம்மா எழுதுகிறார்கள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உனக்குப் பாடம் நடத்திய அதே டீச்சர்தான். எழுதியதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார்கள். நீயும் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பு. வாசித்துக் காட்டுவார்கள். இனி எனக்குப் போன் பேச்சு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் போனை வைத்தேன் என்று பிராங்ளினிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்டிருக்கலாம். மஸ்கட்டில் நீ ஒரு முனை, குர்கானில் உன் தம்பி ஒரு முனை, நடுவில் நான். பேச்சு என் காலைப் பற்றி. பாஷை இங்கிலீஷ். கடைசியில் நீ, "அப்பா, லைன்லதான் இருக்கீங்களா?" என்றாய். "ஏட்டி, நான் எங்க போவேன், அது என் காலுல்லா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எக்ஸ்ரே எடுத்ததை நானே சொல்லுகிறேன். இப்போதெல்லாம் கையில் ஃபிலிம் தருவதில்லை, டெலிவிஷன் மாதிரிப் பெட்டியில் காட்டுகிறார்கள். வலது தொடையின் மேல்பக்கம், இடுப்பில் பொருந்துகிற இடத்துக்குக் கீழே, எலும்புக்குள் பொரி சிதறியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. எலும்பின் உள்சுவர் அரித்திருந்தது. நான் முப்பத்தைந்து வருஷம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்களுக்கு வெள்ளையடித்தவன். ஈரம் இறங்கின சுவரைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது, உடைத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் அந்த இடத்தில் பேனாவை வைத்துப் பிராங்ளினிடம் ஏதோ சொன்னார். அவன் முகம் மாறிற்று. என்னிடம் திரும்பி, "குச் நஹீன் பப்பா, வயசாயிடுச்சுல்ல" என்றான். ஒன்றுமில்லையாம்.

வயசானால் எலும்புக்குள் பொரி விழுமா? நீ நர்ஸ். நீ சொல்.

இஸ்ரவேல்

*

மஸ்கட்
5 பிப்ரவரி

அப்பாவுக்கு,

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். தொடை வலி தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்தது என்று பிராங்ளின் இப்போது சொல்கிறான். படுத்தாலும் வலிக்கிறது, உட்கார்ந்தாலும் வலிக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. தைலம் தேய்த்திருக்கிறீர்கள். நான் வாராவாரம் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்கப்பா" என்று கேட்டபோதெல்லாம் தில்லிக் குளிரைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினீர்கள். நாங்கள் இங்கிலீஷில் பேசியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பிராங்ளினை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தது யார் என்று இப்போது கேட்கப் போவதில்லை.

இப்போது கேளுங்கள். எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும். அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது எலும்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பக்கத்துச் சதையைத் தொட்டிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். அதன் பிறகு எலும்பு ஸ்கேன். ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். எலும்பு எங்கெல்லாம் தன்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அது போய்ச் சேரும். படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். எதனால் பழுது என்று அந்தப் படம் சொல்லாது. அதை மற்றதோடு சேர்த்து டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை தைலம் வேண்டாம், உருவி விடுவது வேண்டாம். அந்தக் காலை ஊன்றாதீர்கள். அரித்த எலும்பு சட்டென்று முறியும். உங்களை உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அம்மா இருந்தபோதே பார்த்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன்.

டீச்சர், உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோம். மன்னியுங்கள்.

சிசிலியா

*

கோல் மார்க்கெட்
13 பிப்ரவரி

சிசிலியா,

உட்கார்ந்திருக்கிறேன். நாலு கால் வாக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான் உன் தம்பி. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அதை இழுத்துக்கொண்டு அலைகிறேன். "இஸ்ரவேல், அந்த சத்தம் எங்க ஆத்துச் சுவர் வழியா கேக்கறது, செத்த படுங்கோ" என்று டீச்சர் சத்தம் போடுகிறார்கள். அதையும் எழுதச் சொன்னேன். எழுதமாட்டேன் என்றார்கள், பிறகு எழுதினார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளி, தகர ஷீட்டைச் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம். அசையக் கூடாது என்றார்கள். அசையாமல் இருப்பதுபோல் எனக்குக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறில்லை. வலி குடைந்தது, மூக்கில் அரித்தது, உன் அம்மா வேறு ஞாபகத்தில் வந்து நின்றாள்.

எலும்பு ஸ்கேன் மறுநாள். ஊசி போட்டார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு பலகைபோல் ஒன்று முகத்துக்குக் கிட்டத்தில் வந்து, தலையிலிருந்து கால்வரை மெதுவாக நகர்ந்தது. முடிந்ததும் படத்தைப் பார்த்தேன். நானேதான், சதை இல்லாமல், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று.

என் குறை ஒன்று உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. கவுண்டரில் இங்கிலீஷ் காகிதம். பிராங்ளின் நின்றபடியே டிக் டிக்கென்று அடித்துக் கொடுத்தான். "வலி எப்பத்துல இருந்து?" என்று கவுண்டர்காரன் என்னிடம் கேட்டால் பிராங்ளின் பதில். "பசிக்குதா?" என்றால் அவன் பதில். நான் இந்த ஊருக்கு வந்தபோது அந்தக் கவுண்டர்காரனுடைய தாத்தாவே பிழைப்பு தேடிக்கொண்டிருந்தார், எனக்கு ஹிந்தி தெரியாதா? "பையா, என் வாயி இங்கதான் இருக்கு" என்று அந்த கவுண்டர்காரனிடம் சொன்னேன். சிரித்தான்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். "தோடா இன்ஃபெக்ஷன் பப்பா", கொஞ்சம் இன்ஃபெக்ஷன் என்கிறான். வண்டியில் வரும்போது முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். என்ன இருக்கிறதென்று நீ எழுது. நல்லதோ கெட்டதோ எனக்கே எழுது. நான் ஒரு தடவை கேட்டதை மறக்கமாட்டேன், அது உனக்குத் தெரியும்.

இஸ்ரவேல்

*

மஸ்கட்
15 பிப்ரவரி

அப்பாவுக்கு,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்தேன். எனக்கே எழுது என்று கேட்டீர்கள். எழுதுகிறேன்.

தொடையில் இருப்பது இன்ஃபெக்ஷன் இல்லை, கட்டி. படங்களைப் பார்த்தால் எலும்பிலேயே உண்டான புற்றுநோயாகத்தான் தெரிகிறது. எலும்பு ஸ்கேனில் வலது விலாவிலும் மூன்று இடத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, கறுப்பு விழுந்திருக்கிறது. அங்கேயும் பரவியிருக்கலாம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. பரவியிருந்தால் தொடையில் பெரிய ஆபரேஷன் செய்து உங்களை வதைப்பதில் அர்த்தமில்லை என்று டாக்டர் பிராங்ளினிடம் சொல்லியிருக்கிறார். வலி தெரியாமல் இருக்க நல்ல மருந்துகள் உண்டு. அதைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அவனும் பேசியிருக்கிறோம். ஆனால் உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், அப்பா. திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

சிசிலியா

*

கோல் மார்க்கெட்
17 பிப்ரவரி

சிசிலியா,

உன் கடிதம் கேட்டு மனப்பாரம் கொஞ்சம் இறங்கிற்று. டீச்சருக்கு ஜலதோஷம், குரல் கட்டிக்கொண்டிருந்தது, நடுநடுவே நிறுத்தி வாசித்தார்கள்.

கட்டிதான் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. பெரிய ஆபரேஷன் வேண்டாம், வலிக்கு மருந்து உண்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கா உன் தம்பி அப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான்? கட்டி என்றால் என் முதுகில்கூட ஒன்று இருந்தது, நீ நாலாவது படிக்கும்போது, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அப்போது நீ வாசலில் நின்று அழுதாய், ஒரு சர்தார்ஜி உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

இந்த மாதக் கடைசியில் வாக்கரைத் தூக்கிப் போட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை வலி மருந்து எழுதி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

இஸ்ரவேல்

*

மஸ்கட்
18 பிப்ரவரி

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் எழுதியதற்கு இதுதான் பதிலா? நான் பயப்படக் கூடாதென்று தெரியாதவர்போல் இருக்கிறீர்களா, இல்லை, நான் எழுதியதுதான் புரியவில்லையா? அம்மாவுக்கு முடியாமல் போனபோதும் நீங்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாத ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

தயவுசெய்து வாக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்.

சிசிலியா

*

ஆஸ்பத்திரி, தில்லி
21 பிப்ரவரி

சிசிலியா,

இதை எழுதுவது டீச்சர் இல்லை. மரியா என்று ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. டியூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்து எழுதுகிறது. அதற்கு நீயும் நன்றி சொல்.

பிராங்ளின் மருந்து வாங்க வரிசையில் நின்றான். எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடித்தது. இந்தப் பிள்ளை ஓடியாடித் திரிந்ததில் தமிழ் காதில் விழுந்தது. கூப்பிட்டு, என் போனில் உன் பழைய கடிதம் இருக்கிறது, ஒரு தடவை வாசித்துக் காட்டு என்றேன். உன் குரலைக் கேட்டதுபோல் இருக்குமே என்றுதான் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

வாசித்தது. கட்டி என்ற இடம் வந்தது. அடுத்தது ஆபரேஷன் வர வேண்டும். வரவில்லை.

"ஏய் பிள்ளே, இல்லாததை எல்லாம் எதுக்கு வாசிக்கே?" என்றேன்.

"தாத்தா, எழுதியிருக்கத்தான வாசிக்கேன்."

"புற்றுநோய்னு எழுதியிருக்கா?"

பிள்ளை போனை மடியில் கவிழ்த்து வைத்தது.

"சும்மா வாசி. நான் ஒண்ணும் விழுந்துர மாட்டேன். மொதல்ல இருந்து வாசி."

வாசித்தது. டீச்சர் வீட்டில் வைத்து வாசித்தது என் காதில் அப்படியே இருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு வரி அங்கே இல்லை. அடுத்த கடிதத்திலும் வாக்கர் பேச்சை மட்டும்தான் வாசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஜலதோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சிசிலியா, எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. விலா என்று எழுதியிருக்கிறாயே, வலது விலா, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று. அது எனக்குத் தெரியும். பொங்கல் கழிந்த வாரம், டீச்சர் வீட்டில் திரைச்சீலைக் கம்பி கழன்று தொங்கிற்று. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி மாட்டினேன். கால் மடங்கிற்று, ஸ்டூல் வழுக்கிற்று, சாப்பாட்டு மேஜை விளிம்பில் இந்தப் பக்கம் விலா மோத விழுந்தேன். மூச்சு விட முடியவில்லை. "ஐயையோ, இந்தக் காலோட உங்கள ஏறச் சொன்னேன்னு உங்க பொண்ணு என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவா, சொல்லாதீங்கோ" என்றார்கள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் தும்மினால் உயிர் போகிறது. தொடை வலியில் அது பெரிதாகத் தெரியவில்லை.

அதை மரியாவிடம் சொன்னேன். பிள்ளை எழுந்து ஓடிற்று. கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்துவிட்டார். ஒவ்வொரு விலாவாக விரலால் அமுக்கினார். அந்த மூன்றில் வந்ததும் அலறிவிட்டேன்.

"பாபா, விழுந்தீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆமா."

"பதாயா க்யோன் நஹீன்?" ஏன் சொல்லவில்லை என்கிறார்.

"பூச்சா கிஸ்னே, டாக்டர் சாப்?" என்றேன். யார் கேட்டார்கள்?

அதற்குள் பிராங்ளின் மருந்துப் பையோடு வந்து நின்றான். அடிபட்டதுண்டா என்று அந்த இங்கிலீஷ் காகிதத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். இல்லை என்று அவன் அடித்திருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

நாளைக்கு நெஞ்சுக்கு சி.டி. எடுக்கிறார்கள். விலா உடைந்த விலாதானா, இல்லை நீ எழுதினதா என்று அதில் தெரியும் என்கிறார்கள். மருந்துச் சீட்டை டாக்டர் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

இஸ்ரவேல்

*

மஸ்கட்
22 பிப்ரவரி

அப்பா,

வார்டில் பக்கத்தில் இருந்த பெண்ணை என் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். சி.டி. முடிவு இன்னும் வரவில்லை என்று பிராங்ளின் சொல்கிறான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன்.

விழுந்து அடிபட்டு ஆறிக்கொண்டிருக்கும் விலாவும் ஸ்கேனில் அப்படித்தான் கறுக்கும். வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நான் நர்ஸ். வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் "விழுந்தாரா?" என்று கேட்டிருப்பேன். உங்கள் பெயரைப் பார்த்ததும் ரிப்போர்ட்டின் கடைசி வரிக்கு ஓடிவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது பிராங்ளின் இல்லை. நான்.

டீச்சருக்கு நான் எழுத மாட்டேன். இப்போது முடியாது.

சிசிலியா

*

கோல் மார்க்கெட்
1 மார்ச்

சிசிலியா,

சி.டி. முடிவு உனக்கு வந்திருக்கும். மூன்று விலாவிலும் விரிசல், மேலே புது எலும்பு கட்டிக்கொண்டு வருகிறது. நுரையீரலில் ஒன்றும் இல்லை. டாக்டர் பெட்டியில் காட்டினார், இந்தத் தடவை பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்து. விரிசல் எனக்கே தெரிந்தது. அப்படியானால் தொடை மட்டும்தான். தொடை என்னவென்று ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பிராங்ளினின் ஆபீஸ் சிநேகிதன் ஒருவன், ஊசி குத்தினால் பரவிவிடும் என்று அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தான். டாக்டர் சொன்னார்: கண்ட இடத்தில் கண்டவன் குத்தினால் ஆபத்துதான். அதனால்தான் ஆபரேஷன் செய்யப் போகிறவரே படத்தில் வழியைக் குறித்துக் கொடுக்கிறார். பிறகு வெட்டும்போது ஊசி போன வழியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார்களாம். சி.டி. மெஷினுக்குள் என்னைப் படுக்க வைத்து, படம் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கினார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தும், எலும்பில் நுழையும்போது ஒரு முறுக்கு இருந்தது. முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். இந்தப் பத்து நாளை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

இதை எழுதுவது டீச்சர்தான். நான் கூப்பிடவில்லை. வாசலில் வந்து நின்றார்கள். "நீங்கள் செய்தது சரியில்லை" என்றேன். "தெரியறது" என்றார்கள். "அந்த நாலு வரியைப் பார்த்ததும் நாக்கு எழும்பல. பரவியிருக்குங்கற வார்த்தைதான் கண்ணுல குத்தித்து. விலான்னு போட்டிருந்தது எனக்கு உறைக்கவேயில்ல. என் முன்னாடிதான் விழுந்தேள், எனக்கே உறைக்கல." அழுதார்கள். நான் காபி கேட்டேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்து, தாளை எடுத்தார்கள்.

அவர்களோடு நீ பேசு. இல்லையென்றால் விடு. உன் இஷ்டம்.

இஸ்ரவேல்

*

மஸ்கட்
10 மார்ச்

அப்பாவுக்கு,

டீச்சர், எல்லாவற்றையும் வாசியுங்கள்.

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். காண்ட்ரோசார்கோமா என்று பெயர், எலும்பில் குருத்தெலும்பு மாதிரி வளர்கிற வகை. நடுத்தர வேகம். கீமோ ஊசி மருந்தும், கரண்ட் என்று சொல்வார்களே அந்தக் கதிர்வீச்சு வைத்தியமும் இதில் அவ்வளவாகப் பலிக்காது. வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. வேறெங்கும் போகாததால் வெட்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தொடை எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு உலோகம் பொருத்துவார்கள். மாதக் கணக்கில் நடைபழக வேண்டும். நொண்டல் இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் விலகியே இருக்கின்றன, அதனால் காலைக் காப்பாற்றலாம் என்று நம்புகிறார்கள். நம்புகிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் வயதுக்கு மயக்க மருந்திலும் ஆபத்து உண்டு. செய்யாவிட்டால் எலும்பு முறியும், நோய் நுரையீரலுக்குப் போகும்.

எதையும் குறைத்து எழுதவில்லை. நானும் பிராங்ளினும் இந்தத் தடவை ஒன்றும் முடிவு செய்யவில்லை.

சிசிலியா

*

கோல் மார்க்கெட்
12 மார்ச்

சிசிலியா,

டீச்சர் வாசித்தார்கள். நிறுத்தாமல் வாசித்தார்கள். காண்ட்ரோ என்கிற அந்தப் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டினார்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதம். டாக்டர் வழக்கம்போல் பேனாவைப் பிராங்ளினிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. "பப்பா கோ பதாயியே" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். என்னிடம் சொல்லுங்கள் என்கிறான், சிசிலியா. டாக்டர் கொஞ்சம் முழித்தார். பிறகு படத்தைக் காட்டி, எங்கே வெட்டுவார், எங்கே உலோகம் வரும் என்று ஹிந்தியில் சொன்னார். நான் ஒன்று கேட்டேன். வெட்டித் திறந்த பிறகு காலையே எடுக்க வேண்டியதாக இருந்தால், என்னை எழுப்பிக் கேட்பீர்களா, இல்லை எழுந்த பிறகு சொல்வீர்களா என்றேன். "கேட்காமல் எடுக்க மாட்டேன். அப்படி இருந்தால் மூடிவிட்டு, உங்களை எழுப்பிக் கேட்பேன்" என்றார். அதையும் காகிதத்தில் எழுதுங்கள் என்றேன். எழுதினார். மை டப்பா கொண்டுவரச் சொல்லி இடது பெருவிரலை வைத்தேன். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது உன் தம்பி கேட்டான், "பப்பா, டர் லக்தா ஹை?" பயமாக இருக்கிறதா என்று கேட்கிறான். அவனுக்கு நாற்பது வயது, என்னிடம் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், ஆட்டோ வந்தும் விடவில்லை. ஆட்டோக்காரன், "ஜல்தி கரோ ஜி", சீக்கிரம் ஏறுங்கள் என்று கத்தினான்.

உனக்கும் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. சரியான பயம். குளிரில்லாத ராத்திரியில் போர்வையை இழுத்து மூடுகிறேன். டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு, "இதை எழுத வேணாமே, இஸ்ரவேல், அங்க தனியா இருக்கா" என்கிறார்கள். எழுதுங்கள் என்றேன்.

இஸ்ரவேல்